சுவருக்கு மேலால் ஒரு வயர்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் திரும்பினால், டயர் ஒட்டும் இடத்துக்கும் ஒரு சாப்பாட்டுக்கடைக்கும் நடுவில் எங்கள் கணினிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நான் அங்கே ஆசிரியை. பேர்தான் ஆசிரியை. மௌஸ் துடைப்பது, ஜன்னல் சாத்துவது, லொறிக்காரர் வாசலை மறித்து நிறுத்தினால் போய்ச் சண்டை பிடிப்பது, எல்லாம் நான்தான். அந்தக் கடைசி வேலையை மட்டும் நான் சந்தோஷமாகவே செய்வேன்.

எங்கள் வகுப்பறையில் முப்பதுக்குக் கிட்டக் கணினிகள். அவற்றில் ஒன்றுகூட நேராக இணையத்துக்குப் போகாது. மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. மற்றதெல்லாம் அதனிடம் கேட்க வேண்டும். அதுதான் வெளியே போய் எடுத்து வந்து கொடுக்கும். வேண்டாத தளமாக இருந்தால் கையை விரித்துவிடும். அதற்கு ப்ரொக்சி என்று பேர். நான் கிழவன் என்று கூப்பிடுவேன், ஏனென்றால் காலையில் எழுப்பினால் இருமிக்கொண்டுதான் எழும்பும். உப்பளத்துக் காற்றும் சீமெந்துத் தூசியும் சேர்ந்து உள்ளே போனால் எந்தக் கணினிதான் இருமாது?

தொல்லை என்னவென்றால், கிழவனின் முகவரியை ஒவ்வொரு கணினியிலும் நான் கையால் அடிக்க வேண்டியிருந்தது. கதிரையை இழு, குந்து, அமைப்புக்குள் போ, எண்களை அடி, எழும்பு, அடுத்த கதிரையை இழு. அறையின் அந்தத் தலைக்குப் போய்ச் சேரும்போது இந்தத் தலையில் ஒருவர் தெரியாமல் அதை அழித்துவிட்டு, "மிஸ், இது வேலை செய்யல்ல" என்பார். இணைய லைன் மாறினால் முகவரியும் மாறும், நான் திரும்பவும் முதல் கதிரைக்கு வருவேன். இடுப்பு விட்டுப்போகும். வீட்டுக்குப் போனால் என் மனுசன், "என்ன, இண்டைக்கும் கம்பியூட்டர்களுக்கு சலாம் சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்பார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு எரிச்சல்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து பரீட்சை நடத்துகிற ஆட்கள் பேசினார்கள். எங்கள் பிள்ளைகளின் சான்றிதழ்ப் பரீட்சை இனி இணையத்தில்தானாம். எங்கள் நிலையத்திலேயே நடத்தலாமாம், ஆனால் எல்லாக் கணினியும் பரீட்சைத் தளத்துக்கு மட்டும் போக வேண்டும், வேறு ஒன்றும் திறக்கக் கூடாது. முன்கூட்டியே ஒரு அதிகாரி வந்து சோதிப்பார். சரிவராவிட்டால் எல்லாரும் குருநாகலுக்குப் போய் எழுத வேண்டும்.

மற்றவர்கள் குருநாகலுக்குப் போய்விடுவார்கள், முணுமுணுத்துக்கொண்டாவது. போக முடியாத ஒருத்தி இருந்தாள். உச்சமுனைத் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் பாலாவிக்கு வருகிறவள். மடியில் பால் குடிக்கும் பிள்ளை. கற்பிட்டியில் ஒரு ஹோட்டலின் கந்தோரில், கணினி முன்னால் குந்தும் வேலை அவளுக்குப் பேசியிருந்தார்கள். சான்றிதழ் கொண்டுவந்தால் கதிரை உனக்கு, இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்போம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பாலாவி என்றால் காலை வள்ளத்தில் வந்து பின்னேர வள்ளத்தில் திரும்பிவிடலாம். குருநாகலுக்குப் போனால் அன்றைக்குத் திரும்ப ஏலாது, கைப்பிள்ளையோடு தங்க இடமும் இல்லை.

"மிஸ், இங்க நடக்கும்தானே?" என்று கேட்டாள்.

"நடக்கும் தங்கச்சி. நான் இருக்கேன்தானே" என்றேன். வாய் என்னுடையது, அதற்கு முன்யோசனை இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு கையால் அடித்துக்கொண்டிருப்பது சரிவராது என்று தெரிந்துவிட்டது. ஒரு கணினியில் ஒரு எண் பிழைத்தாலும் அதிகாரி பிடித்துவிடுவார். தேடிப் படித்தேன். படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு கணினியிலும் "அமைப்பைத் தானாகக் கண்டுபிடி" என்று ஒரு சின்னக் கட்டம் இத்தனை நாளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது! அதில் சரி போட்டுவிட்டால் போதும். கணினி எழும்பியதும் வலையமைப்பைப் பார்த்து, எனக்கு என்ன முகவரி, வெளியே போகும் வழி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கும். முகவரி கொடுக்கிற பெட்டி பதில் சொல்லும்: இதோ உன் எண், இதோ அந்தக் கோப்பு இருக்கும் இடம். அந்தக் கோப்பில் நான் ஒரே ஒரு தடவை எழுதினால் போதும், கிழவனிடம் போ என்று. முகவரி மாறினால் கோப்பில் ஒரு வரி மாற்றினால் எல்லாக் கணினியும் மாறிவிடும்.

எழுதினேன். எல்லாக் கணினியையும் ஒன்றாக எழுப்பினேன். முப்பது திரையும் நான் கதிரையை இழுக்காமலே கிழவன் வழியாகப் போயின. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அறையின் நடுவில் நின்று, "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கத்தினேன். பார்க்க ஒருவரும் இல்லை.

இல்லை, ஒருவர் இருந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், சுவருக்கு மேலால் சாப்பாட்டுக்கடை ராத்தாவின் தலை.

"என்ன புள்ள, சந்தோஷமா சத்தம் கேக்குது?"

"என்ட வேலை முடிஞ்சு ராத்தா!"

"மாஷா அல்லாஹ். அப்ப இதத் தின்னுங்க" என்று ஒரு தட்டை நீட்டினார். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம்.

ராத்தா என்றால் எங்களில் அக்கா. இந்த ராத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் இரண்டு இடத்துக்கும் நடுவில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு மேலால் போகாத சாமான் இல்லை. நோன்புக் காலத்தில் கஞ்சி வரும், பெருநாளில் தட்டு வரும், மற்ற நாளிலும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் இல்லாத பழக்கம். இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். தட்டில் என்ன வைத்திருக்கிறது என்று சொல்லிக்காட்டவும் மாட்டோம். சொன்னால் அது கணக்குப் பார்த்த மாதிரி ஆகிவிடும். அப்படித்தான் ஒரு நாள் ஒரு வயரும் சுவருக்கு மேலால் போனது. சீமெந்துத் தொழிற்சாலைக் கந்தோரிலிருந்து பகல் சாப்பாட்டு ஓடர் மின்னஞ்சலில் வருகிறது, எனக்கு லைன் இல்லை என்று ராத்தா சொன்னார். எங்கள் லைனில் ஒரு வயர் கொடுக்கலாமா என்று நிலையத் தலைவரிடம் கேட்டேன். ராத்தாவின் ஈரல் கறியைச் சாப்பிட்ட வாயால் அவர் மாட்டேன் என்று சொல்வாரா?

சோதிக்க வந்த அதிகாரி சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் தெரியும். முதல் கணினியில் குந்தி ஒரு கிரிக்கெட் தளத்தின் பேரை அடித்தார். திறக்கவில்லை. "ஹரி" என்றார், சிங்களத்தில் சரி என்று. இரண்டாவதிலும் "ஹரி". எனக்குத் தோள் நிமிர்ந்தது. மூன்றாவதில் குந்தினார், அடித்தார். இலங்கை அணி பந்து வீசிக்கொண்டிருந்தது.

"மிஸ்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஸ்கோர் நல்லம். ஆனா இது சரியில்ல."

ஓடிப்போய் நானே அந்தக் கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன். இப்போது ஒழுங்காகப் பூட்டியிருந்தது. ஆனால் ஒழுங்காக இருந்த பக்கத்துக் கணினியை அவர் அணைத்துத் திரும்பப் போட்டார், அது அவிழ்த்துவிட்ட மாடு போல எங்கும் போனது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று ஓடுகிறது. அதிகாரி எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை வரைக்கும் பாருங்க மிஸ். அதுக்குள்ள சொல்லுங்க. இல்லாட்டி குருநாகல்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் உச்சமுனைத் தங்கச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்றைக்கு நான் திட்டாத கணினி இல்லை. நன்றி கெட்டதுகளே, உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று வாய்விட்டே கேட்டேன். கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் மூளை ஏறியது. ஓடிப்போகும் கணினி ஒன்றின் எண்ணைப் பார்த்தேன். எங்கள் கணினிகளின் எண்கள் எல்லாம் பத்தில் தொடங்கும். இது நூற்றித் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது. அல்லாஹ்வே, இது எங்கள் வீட்டு எண்ணே இல்லை!

அப்படியென்றால் எங்கள் வலையமைப்புக்குள் இன்னொரு பெட்டி இருக்கிறது. கணினி எழும்பி, எனக்கு என்ன முகவரி என்று கேட்கும்போது இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். யார் முந்திச் சொல்கிறாரோ அவர் சொன்னதைக் கணினி நம்பிவிடும். எங்கள் பெட்டி முந்தினால் கோப்பு கிடைக்கும், கிழவனிடம் போகும். மற்றது முந்தினால் கோப்பும் இல்லை, கிழவனும் இல்லை, நேரே கிரிக்கெட்தான். சரி, யார் அந்த மற்றவன்? வயர்கள் எல்லாம் வந்து சேரும் இடத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு வயரைப் பிடுங்கியதும் அந்த அந்நிய எண் மறைந்தது. வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அது போகும் வழியில் நடந்தேன். மேசைக்குக் கீழால், ஜன்னலால், சுவருக்கு மேலால்.

"ராத்தா!" என்று நான் போட்ட சத்தத்தில் டயர்க்காரரும் எட்டிப் பார்த்தார்.

ராத்தா அகப்பையோடு வந்தார். "என்ன புள்ள, பாம்பா?"

"இந்த வயர எங்க ராத்தா கொழுவியிருக்கீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அதக் கண்டுபிடிச்சிட்டீங்களா! எனக்கு இப்ப சொந்த லைன் வந்துட்டு. லொறிக்காரங்க வைபை இல்லாட்டி வேற கடைக்குப் போறாங்க, அதுக்கு எடுத்த. உங்கட லைன விட நல்ல ஸ்பீட். லைனோட வந்த பெட்டில ஒரு ஓட்டை சும்மா இருந்திச்சு. நீங்க எனக்கு இவ்வளவு காலம் தந்தீங்க. அதான் உங்கட வயர அதுல கொழுவி, என்ட லைன உங்கட பக்கம் அனுப்பிட்டேன்."

"எனக்குச் சொல்லல்லையே ராத்தா!"

"என்னத்துக்குச் சொல்றது? தந்தத சொல்லிக்காட்டுறதா? வெறும் வயரத் திருப்பித் தர ஏலுமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வரப் பார்த்தது. சத்தியமாக, தொண்டை வரைக்கும் வந்தது. பிறகு எங்கிருந்தோ சிரிப்பு வந்து அதைத் தள்ளிவிட்டது. சுவரில் தலையை வைத்துக்கொண்டு கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உலகத்தில் எத்தனை கணினி வல்லுநர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்காவது இப்படி ஒரு கோளாறு வந்திருக்குமா? மரியாதைக்காக என் வகுப்பறையையே கவிழ்த்துவிட்டாரே மனுசி!

அதிகாரி சொன்னதையும் உச்சமுனைப் பிள்ளையின் விஷயத்தையும் ராத்தாவுக்குச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப கழட்டிர்ரேன் புள்ள" என்று திரும்பினார். அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் திரும்பவும் என்னைக் கேட்காமல் பேசியது: "கழட்ட வேணாம் ராத்தா. இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

தந்த தட்டைத் தின்னாமல் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அலுமாரியில் என்னுடைய பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தது. சுவருக்கு மேலால் வந்த வயரை வகுப்பறை வலையமைப்பிலிருந்து பிரித்து, அந்த மடிக்கணினியில் மட்டும் கொழுவினேன். மடிக்கணினியை வேறொரு வயரால் வகுப்பறையோடு சேர்த்தேன். இனி ராத்தாவின் பெட்டி என் கணினிகளுக்கு நேராகப் பதில் சொல்லாது. மடிக்கணினியையும் கிழவனைப் போலவே பூட்டி, ஒரு சின்னக் கிழவன் ஆக்கினேன். பிறகு கோப்பைத் திறந்து வழி எழுதியிருந்த வரிக்குக் கீழே இன்னொன்று சேர்த்தேன்: முதலில் கிழவனிடம் கேள், அவன் பதில் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டு வழியாகப் போ. கோப்பில் அப்படி எழுத இடம் இருக்கிறது. எழுதியவர்களும் பக்கத்து வீடு உள்ளவர்கள்தான் போலும்.

வியாழக்கிழமைக்கு முன்பே அதிகாரி திரும்ப வந்தார். எல்லாக் கணினியிலும் கிரிக்கெட்டைத் தேடினார், ஒன்றிலும் கிடைக்கவில்லை. சின்னக் கிழவனையும் காட்டினேன். "இது எதுக்கு மிஸ்?" என்றார். "சும்மா, ஒரு மரியாதைக்கு" என்றேன். அவர் விளங்கினது போலத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பரீட்சை நாளில் உச்சமுனைத் தங்கச்சி எல்லாருக்கும் முந்தி வந்துவிட்டாள். பிள்ளைக்கு ராத்தா கடையின் பின்னறையில் சேலையால் ஏணை கட்டியாகிவிட்டது. "நீங்க போய் எழுதுங்க, இவரு என்ட பொறுப்பு" என்று ராத்தா பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவள் ஜன்னலோரக் கதிரையில் குந்தினாள். பிள்ளை அழுதால் கேட்கும் என்று அந்த இடத்தை அவளாகவே கேட்டு எடுத்தாள்.

பரீட்சை பாதி தாண்டியிருக்கும். மூலையில் கிழவன் இரண்டு தடவை இருமினான். மூன்றாவது இருமலோடு ஏதோ கருகிய மணம் வந்தது, சின்ன விளக்கு அணைந்தது. கிழவன் மௌத்தாகிவிட்டான்.

அதிகாரி முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார், அவருக்குத் தெரியாது. முப்பது திரையிலும் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. உச்சமுனைத் தங்கச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நினைக்க நான் இப்போதும் விரும்புவதில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் ஓதிக்கொண்டு நின்றேன். வட்டம் சுற்றியது. இன்னும் சுற்றியது. பிறகு அவள் திரையில் அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அடுத்த திரையிலும் வந்தது. ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன. அவள் தலையைக் குனிந்து எழுத்தில் இறங்கிவிட்டாள்.

கணினிகள் கோப்பின் இரண்டாவது வழிக்குப் போய்விட்டன. ராத்தாவின் லைனில் ஓடிக்கொண்டிருந்தது பரீட்சை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. பகல் சாப்பாட்டு நேரம். கடை நிறைய லொறிக்காரர்கள், கை நிறைய போன். நான் பூனை போல வெளியே நழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் கத்தினேன்: "ராத்தா! உங்கட லைன்லதான் ஓடுது! கிழவன் போய்ட்டான்!"

ராத்தா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர், ஒரு நொடிதான் என்னைப் பார்த்தார். அப்படியே கடைக்குள் திரும்பினார்.

"ஆ, எல்லாரும் போன வைங்க! வைபைய நிப்பாட்டுங்க! அங்க புள்ளைகள் சோதனை எழுதுது, அது என்ட லைன். ஒருத்தர் வீடியோ பாத்தாலும் நாளைக்கு இந்தப் படி ஏற ஏலாது!"

"ராத்தா, நான் வீட்ட கதைக்கிறேன்" என்று ஒரு குரல்.

"வீட்டுக்குப் போய்க் கதைங்க!"

சிங்கள ஓட்டுநர்களுக்கு அதையே சிங்களத்திலும் சொன்னார், இன்னும் கொஞ்சம் உறைப்பாக. எங்கள் சந்தியில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. லொறிக்காரர்கள் எல்லாரும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சோறு தின்றார்கள். தோளில் கிடந்த பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை.

மணி அடித்ததும் உச்சமுனைத் தங்கச்சி சிரித்துக்கொண்டே வந்தாள். "நடுவுல கொஞ்சம் சுத்திச்சு மிஸ். பயந்துட்டேன். பொறகு முன்ன விட ஸ்பீடா போச்சு" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். ஏன் அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, கற்பிட்டி பஸ் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளையையும் ஒரு சோற்றுப் பார்சலையும் ராத்தா ஜன்னலால் பஸ்ஸுக்குள் கொடுத்தார்.

அவள் பரீட்சையில் சித்தியடைந்தாள். ஹோட்டல் கந்தோர்க் கதிரை அவளுக்கே கிடைத்தது. எங்கள் நிலையத்துக்குப் புதுக் கிழவன் வந்துவிட்டான், இவன் இன்னும் இருமப் பழகவில்லை. ராத்தாவின் வயர் இன்னும் சுவருக்கு மேலால்தான் கிடக்கிறது.

போன கிழமை அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"மிஸ், இங்க புதுசா லைன் மாத்தினாங்க. ஒவ்வொரு கம்பியூட்டரா போய் குந்திக் குந்தி அட்ரஸ் அடிக்கிறாங்க. பாத்துட்டு இருக்க ஏலல்ல. ஒரு ஃபைல் எழுதினாப் போதும் எண்டு சொன்னேன். அப்ப நீங்களே எழுதுங்க எண்டுட்டாங்க."

"மாஷா அல்லாஹ்! எழுதுங்களேன்."

"முதல் வழி எழுதிட்டேன். ரெண்டாவதுக்கு யாரப் போடுறது மிஸ்?"

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் இன்னொரு ஹோட்டல். அவங்களுக்கும் எங்களுக்கும் கதை பேச்சு இல்ல மிஸ்."

"அப்ப மொதல்ல ஒரு தட்டு அனுப்புங்க தங்கச்சி," என்றேன். "வயர் பொறகு தானா வரும்."